பயம் திரும்பிய வருஷம்

நெடுமடை சமஸ்தானம் சுதந்திர நாட்டோடு சேர்ந்த வருஷம், கோட்டை முகப்பிலிருந்து மீன்கொடி இறங்கி மூவர்ணக்கொடி ஏறிய மூன்றாம் நாள், ராசா தன் குடிகளிடமிருந்து காலங்காலமாக வாங்கி வைத்திருந்த பயத்தையெல்லாம் அவரவர் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். பதினோரு கூண்டு வண்டிகள் அரண்மனை வாசலிலிருந்து கிளம்பின. ஒவ்வொரு வண்டியிலும் காடாத்துணி முடிச்சுகள் வெங்காயம் போலக் குவிந்திருந்தன, ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு பெயர் தைத்திருந்தது. மாடுகள் மட்டும் வழியெல்லாம் மிரண்டுகொண்டே போயின.

வெளியூர்க்காரர்களுக்கு இது புதிதாக இருக்கலாம், நெடுமடைக்காரர்களுக்கு இதில் விசேஷம் ஏதுமில்லை. அங்கே ஒரு பிள்ளை இருட்டையோ இடியையோ கண்டு முதன்முதலாக வீறிட்டு அழும் நாளில் வீட்டுக்கு முடிச்சுக்காரி வருவாள், துணியின் முனையைப் பிள்ளையின் வாயருகே பிடித்து மூன்று முறை ஊதச் சொல்லி, அந்த மூச்சு ஆறுவதற்குள் முடிந்து அரண்மனைக்கு எடுத்துப்போவாள். அத்தோடு அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் பயம் கிடையாது. பிள்ளை வளர வளர, அது பட்டிருக்க வேண்டிய பயமெல்லாம் அரண்மனை முடிச்சறையில் அதன் முடிச்சுக்குள் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆள் செத்தால் முடிச்சு தானாக அவிழ்ந்து வெறுந்துணியாகிவிடும்.

காலைதோறும் ராசா முடிச்சறைக்குள் போய், ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, ஊர் முழுக்கப் பட வேண்டிய பயத்தை ஒற்றை ஆளாகப் பட்டு, நடுங்கிக்கொண்டே வெளியே வருவார். அவருடைய தாத்தா, சீமைச் சட்டமெல்லாம் படித்தவர், செப்பேட்டில் ஒரு சாசனம் எழுதி வைத்திருந்தார்: பயப்படுவது மட்டுமே ராசாவின் வேலை, முடிவெடுப்பது நாற்பது பேர் மன்றத்தின் வேலை. மன்றத்தாருக்கும் பயம் தெரியாது என்பதால் அவர்கள் ராசாவின் உடம்பைப் பார்த்துத் தீர்மானம் போடுவார்கள். விரல் மட்டும் ஆடினால் ஊருக்கு அம்மை ஊசி, முழங்கை ஆடினால் கண்மாய்க் கரைக்கு மண், தோள் வரை ஆடினால் அன்றைக்கே மடை திறப்பு. ராசா அதன்கீழே கையெழுத்துப் போடுவார், மண்புழு ஊர்ந்த தடம் போல இருக்கும். இப்படித்தான் நெடுமடையில் தொண்ணூறு வருஷம் ராஜ்ஜியம் நடந்தது, ஒரு வீட்டுக் கதவிலும் தாழ்ப்பாள் இல்லாமல்.

கடைசி முடிச்சுக்காரியின் பெயர் உமையாள். முப்பத்தெட்டு வயது. இருநூறு பிள்ளைகளுக்கு மேல் அவள் கையால் முடிந்திருக்கிறாள். அவிழ்க்காத முடிச்சுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள் வேலைதான் என்று சொல்லிவிட்டார்கள். தெற்குத் தெரு முழுக்க வண்டியோடு நடந்து கொடுத்து முடித்தபோது வண்டியில் இரண்டு முடிச்சுகள் மிச்சம் இருந்தன. விளாம்பழம் அளவில் இருந்தது அவளுடையது. மற்றது அவள் புருஷன் பூமிநாதனுடையது. அது பலாப்பழம் அளவு இருந்தது, வண்டிக்காரனும் அவளும் சேர்ந்துதான் தூக்கினார்கள்.

பூமிநாதன் கண்மாய் மடை திறப்பவன். கண்மாய்க்குள் நிற்கும் இரண்டு கல்தூண்களுக்கு நடுவில் மூழ்கி, அடியில் இருக்கும் அடைப்புக் கல்லை அசைத்து எடுத்துவிட்டு, தண்ணீர் இழுப்பதற்குள் மேலே வந்துவிட வேண்டும். இருபத்தாறு முறை அப்படி மூழ்கியவன். ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே போவான், சிரித்துக்கொண்டே வருவான், கரையேறியதும் பசிக்கிறது என்பான். இருபத்தாறு முறைக்கான பயமும் அந்தத் துணிக்குள் கிடந்தது என்பதை உமையாள் அன்றுதான் கண்ணால் பார்த்தாள்.

அவள் தன்னுடையதை அடுப்படியில் உட்கார்ந்து அவிழ்த்தாள். அவளுக்குள் திரும்பிப் போனது ஒரே ஒரு பயம்: கண்மாய்த் தண்ணீர்மேல் குமிழி வருகிறது, ஆள் வரவில்லை. இருபது வருஷம் கரையில் வெற்றிலை மென்றுகொண்டு நின்றிருக்கிறோமே, ஒருநாளும் மனசு பதறவில்லையே என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. வெட்கமாகவும் இருந்தது. பூமிநாதனின் முடிச்சை அப்படியே உருட்டிக்கொண்டுபோய் நெற்குதிருக்குள் போட்டு, மேலே நெல்லைத் தள்ளி மூடினாள்.

"எனக்கு ஒண்ணும் வரலையா?" என்று சாயங்காலம் அவன் கேட்டான்.

"தேடிக்கிட்டு இருக்காகளாம்."

"தேடட்டும், தேடட்டும். அது இல்லாமயே நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அவன் கால் நீட்டிப் படுத்து நிமிஷத்தில் குறட்டை விட்டான்.

ஊர் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு பட்ட பாட்டைச் சொன்னால் ஒரு மாசம் போதாது. பனையேறி சங்கிலி, உச்சியில் நல்ல காற்று வருமென்று முடிச்சை மேலே கொண்டுபோய் அவிழ்த்தவன், இரண்டு நாள் இறங்கவில்லை. கஞ்சியைக் கலயத்தில் கட்டி மேலே அனுப்ப வேண்டியிருந்தது. தட்டான் பொன்னம்பல ஆசாரி தன் உலைக்கு எதிரே உட்கார்ந்து அழுதார், முப்பது வருஷமாக இந்த நெருப்புக்குள்ளா விரலை விட்டேன் என்று. பள்ளிக்கூட வாத்தியார் பிள்ளைகளை நாளுக்குப் பத்துத் தரம் எண்ணினார். முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த புருஷனும் பெண்டாட்டியும், இருவரில் யார் முந்திப் போவோம் என்று ஒருவரை ஒருவர் பார்த்தபடி சோறு ஆறிப்போக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து ஜில்லாவிலிருந்து தச்சர்கள் வந்து தாழ்ப்பாள் போட்ட கூலியிலேயே தங்களுக்கு வீடு கட்டிக்கொண்டார்கள். இன்னும் சிலர் புதிதாக வந்த தாசில்தாரிடம் மனுக் கொடுத்தார்கள், இத்துடன் இணைத்துள்ள எங்கள் பயத்தை சர்க்கார் ஏற்று ரசீது தர வேண்டியது என்று. தாசில்தார் நல்ல மனிதர். மனுவை மட்டும் எடுத்துக்கொண்டு, இணைப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இதிலெல்லாம் பெரிய தப்பு ஒன்று நடந்தது, அது நெடுமடைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒருத்தரிடம் ஒருத்தர் சொல்லும் பழக்கம் அந்த ஊரில் இருந்ததே இல்லை. அதைச் சொல்ல அவசியம் வந்ததில்லை, அது ராசாவின் சமாச்சாரம். அதனால் பயந்தவர் ஒவ்வொருவரும் ஊரிலேயே தான் ஒருத்தர்தான் இப்படிக் கெட்டுப்போய்விட்டோம் என்று நினைத்துக்கொண்டு, தெருவில் பார்த்தால் பழையபடி சிரித்துவிட்டு, வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நடுங்கினார்கள். ஆயிரம் வீடு, ஆயிரம் நடுக்கம், ஒன்றுக்கொன்று தெரியாது.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகையில் தேர்தல் என்று தண்டோராப் போட்டார்கள்.

கண்மாய்க்குள் ஒரு அளவுக்கல் உண்டு, அதில் யானை செதுக்கியிருக்கும். தண்ணீர் யானையின் காலில் நிற்கும்போதே மடை திறந்துவிட வேண்டும். கண்ணைத் தொட்டுவிட்டால், அடைப்புக் கல்லை அசைப்பவனைத் தண்ணீர் கல்லோடு சேர்த்து மடைக்குள் இழுத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் கரை உடையும், கீழே இருக்கும் ஊர் இருக்காது. முன்பெல்லாம் யானையின் பாதம் நனையும்போதே ராசாவின் தோள் ஆடிவிடும். இந்த வருஷம் யானைக்கு முழங்கால் வரை தண்ணீர் வந்தும் ஒரு ஆளும் அசையவில்லை. உமையாள் குடையைப் பிடித்துக்கொண்டு அரண்மனைக்கு ஓடினாள்.

ராசா தர்பார் மண்டபத்துக்குள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார், இரண்டு கையையும் விட்டுவிட்டு. அவளைப் பார்த்ததும் தூணில் போய் முட்டி நின்றார், முழங்கையில் ரத்தம் வந்தது, அதைப் பார்த்துச் சிரித்தார்.

"மகாராசா, தண்ணி யானைக்கு முட்டி வரைக்கும் வந்துருச்சு. மன்றத்துல சொல்லி மடையத் தொறக்கச் சொல்லணும்."

"மன்றம் ஏதும்மா? கலைச்சாச்சே. எனக்கும் இனிமே அதிகாரம் இல்ல."

"ஒங்களுக்கு ஒண்ணும் தோணலையா சாமி?"

"தோணுது. மழை ரொம்ப நல்லா இருக்குன்னு தோணுது." அவர் தன் வலது கையை அவள் முன்னால் நீட்டிக் காட்டினார், ஒரு விரல்கூட ஆடவில்லை. "இங்க பாரு உமையா. நாப்பத்தோரு வருசம் கழிச்சு, இப்பத்தான் ஒரு டம்ளர் காப்பியச் சிந்தாமக் குடிக்கிறேன்."

அவரைக் கோபிக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்தத் தெளிந்த முகத்தைப் பார்த்தபோதுதான் அவளுக்கு நிஜமான பீதி வந்தது. நமக்காகப் பயப்பட இனி யாருமில்லை. வழியெல்லாம் மழையோடு மழையாக அழுதுகொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

அந்த நேரத்தில்தான் வெள்ளியம்பலம் வந்தார். அரிசி மில் முதலாளி, தேர்தலில் பூட்டுச் சின்னத்தில் நிற்கிறவர். ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகச் சொன்னார்: "தாய்மாரே, ஐயாமாரே, ராசா ஒங்களக் கைவிட்டுட்டாரு. நான் கைவிட மாட்டேன். ஒங்க பயத்தையெல்லாம் எங்கிட்டக் கொடுங்க. பூட்டுப் பெட்டியில ஓட்டுப் போடுங்க. பழையபடி நிம்மதியாத் தூங்குங்க." மறுநாளே மில் வாசலில் வரிசை தெருமுனை தாண்டியது. அவிழ்க்காதவர்கள் முடிச்சோடு வந்தார்கள், அவிழ்த்தவர்கள் புதுத்துணியில் ஊதி முடிந்துகொண்டு வந்தார்கள். உள்ளே போகும்போது குனிந்து போனவர்கள் வெளியே வரும்போது சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

உமையாளும் போனாள். நெற்குதிருக்குள் தோண்டிப் பலாப்பழ முடிச்சை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, கழுத்து ஒடிய வரிசையில் நின்றாள். இதைத் தொலைத்துவிட்டால் தன் புருஷன் என்றைக்கும் இப்படியே சிரித்துக்கொண்டிருப்பான் என்பதுதான் அவள் ஆசை. முன்னால் நின்றவளின் முடிச்சை வெள்ளியம்பலம் வாங்கினார், திரும்பிப் பார்க்காமல் பின்னால் மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குள் எறிந்தார். அடுத்ததையும் எறிந்தார்.

"மோந்து பாக்க மாட்டீகளா அம்பலம்?" என்று உமையாள் கேட்டாள்.

"என்னத்த?"

"ராசா ஒவ்வொண்ணா மோந்து பாப்பாக. அதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தான..."

"பாத்து என்னத்தக் கண்டாரு? காலமெல்லாம் நடுங்கிக்கிட்டே இருந்தாரு." அவர் வரிசையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "ஒங்களுக்கு நடுங்குற ஆளு வேணுமா, நடுங்காத ஆளு வேணுமா?"

"நடுங்காத ஆளு!" என்றது வரிசை.

"கண்மாய்த் தண்ணி யானை வயித்தத் தொட்டுருச்சு அம்பலம். மடைக்கு என்ன வழி?"

"தேர்தல் முடியட்டும்மா. இப்பத் தொறந்தா வண்டித்தடம் முங்கிரும், ஆளு வர முடியாது, ஓட்டு விழாது. கொடு, அந்த மூட்டைய இப்பிடிக் கொடு."

நீண்ட அந்தக் கையை அவள் பார்த்தாள். ராசாவின் கையைப் போல அதுவும் அசையாமல் இருந்தது. ஆனால் ராசாவின் கை நாற்பத்தோரு வருஷம் ஆடி ஓய்ந்த கை. இது ஒருநாளும் ஆடாத கை, இனியும் ஆடப் போவதில்லை. உமையாள் முடிச்சைத் தலையிலிருந்து இறக்காமலேயே திரும்பி நடந்தாள். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

நாலாம் நாள் உச்சிப்பொழுதில், மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே, கரையில் நீர்க்கசிவு தெரிந்தது. தண்ணீர் யானையின் தும்பிக்கையை மூடித் தாடைக்கு வந்திருந்தது. ஊரே கரையில் நின்றது. மில்லில் கொடுத்துவிட்டு வந்தவர்கள் வேடிக்கை பார்த்துக் கைதட்டினார்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். கொடுக்காதவர்கள் வாயை இறுக மூடிக்கொண்டு, தங்கள் முழங்கால் ஆடுவதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பூமிநாதன் கோவணத்தை இறுக்கிக் கட்டினான். "யாரும் அனுப்பக் காணோம். நானே போறேன்" என்று சிரித்தான். தூரத்தில் உமையாளைக் கண்டு குரல் கொடுத்தான்: "வந்து சாப்புடுறேன், கொழம்ப எறக்கி வையி."

"போகாதீக!" உமையாள் தலைச்சுமையோடு கரையேறி ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. "தண்ணி தாடைக்கு வந்துருச்சு. இப்பப் போனா வர மாட்டீக. ஒங்களுக்கு அது தெரியல. தெரிய வேண்டியது இதுக்குள்ள இருக்கு. நாந்தான் குதிருக்குள்ள ஒளிச்சு வச்சேன்."

அவன் அந்த மூட்டையைப் பார்த்தான். தைத்திருந்த தன் பெயரைப் பார்த்தான்.

"இம்புட்டுப் பெருசா?"

"இருபத்தாறு தரம் முங்கியிருக்கீகள்ல."

அவள் மன்னிப்புக் கேட்கத் தொடங்குவதற்குள் அவன் முடிச்சை அவிழ்த்துவிட்டான். அவிழ்ந்ததும் அவன் முகம் சாம்பலாயிற்று. கால் மடங்கிக் கரைச் சேற்றில் உட்கார்ந்தான், பல் கிட்டிக்கொண்டது, இரண்டு கைகளும் தோள்பட்டை வரை ஆடின. உமையாள் அவனை இறுகக் கட்டிக்கொண்டாள். தான் அவனையும் கொன்று, ஊரையும் கொன்றுவிட்டோம் என்றே அவளுக்குத் தோன்றியது. அவள் பிடிக்குள் இருந்தபடியே, கரையெல்லாம் கேட்கிறமாதிரி அவன் கத்தினான்.

"எனக்குப் பயமா இருக்கு!"

அப்படி ஒரு வார்த்தையை அந்தக் கரையில் யாரும் கேட்டதில்லை.  பிறகு பொன்னம்பல ஆசாரி, வேட்டியைப் பிடித்திருந்த கையை மெல்ல விட்டுவிட்டு, "எனக்குந்தான் பூமி" என்றார். "எனக்கு ரெண்டு மாசமா" என்றான் சங்கிலி. வாத்தியார் சொன்னார். முப்பது வருஷப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். எனக்கும் எனக்கும் என்று அது கரை நெடுகப் போயிற்று. ஆயிரம் வீட்டு நடுக்கமும் அப்போதுதான் ஒன்றையொன்று பார்த்தது. அதில் ஆறுதலும் இருந்தது, இத்தனை பேரா என்ற திகிலும் இருந்தது.

அதற்குப் பிறகு அரைமணி நேரம் சண்டை. கரையின் வடகோடியை வெட்டிவிடலாம் என்றார் ஒருத்தர். வெட்டினால் வடக்குத் தெரு போய்விடும் என்று வடக்குத் தெருக்காரர்கள் பாய்ந்தார்கள். மண்மூட்டை போடலாம் என்றார்கள், மண்ணுக்கு எங்கே போவது என்றார்கள். ராசாவின் தோளைப் பார்த்து முடிவெடுத்தே பழகிய ஊர், பார்க்கத் தோள் இல்லாமல் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தது. கடைசியில் கையைத் தூக்கச் சொல்லி எண்ணினார்கள், ஆடிய கைகளை எண்ணுவது லேசில்லை, இரண்டு தரம் எண்ணினார்கள். மடையைத்தான் திறப்பது, ஆனால் கயிறு கட்டித்தான் இறக்குவது என்று முடிவாயிற்று. அத்தனை வருஷத்தில் மடை திறப்பவன் இடுப்பில் கயிறு கட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. வீடு வீடாக ஓடிக் கிணற்றுக் கயிறுகளை எடுத்து வந்து, சங்கிலி ஒவ்வொரு இணைப்பையும் மூன்று முறை இழுத்துப் பார்த்துக் கட்டினான்.

மில்லில் கொடுத்துவிட்டு வந்தவர்கள்தான் முதலில் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்கள். "நீ போ மாப்ள, நாங்க பாத்துக்கிறோம்" என்று ஒருத்தன் கண்ணடித்தான்.

பூமிநாதன் பல் நடுங்கச் சொன்னான். "நீங்க வேணாம். பயந்தவுக மட்டும் புடிங்க."

பயந்தவர்கள் பிடித்தார்கள், அறுபது எழுபது பேர். முன்னால் உமையாள். அவன் ஒரு தரம் திரும்பி அவளைப் பார்த்தான், சிரிக்கவில்லை. இறங்கினான். தண்ணீர்மேல் குமிழி வந்தது. ஆள் வரவில்லை. அவள் முடிச்சிலிருந்து அவிழ்ந்த அதே காட்சி, அதே இரண்டு தூண்கள், அதே குமிழி. கயிறு ஒரே வெட்டில் விறைத்து முன்னால் நின்ற பத்துப் பேரைச் சேற்றில் இழுத்தது. உமையாளின் உள்ளங்கை கிழிந்தது. ஒருத்தரும் விடவில்லை, விட அவர்களுக்குத் தைரியம் இல்லை. கரைக்கு அந்தப் பக்கம் மடைவாயில் தண்ணீர் பீறிட்ட சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் அலறிக்கொண்டே பின்னால் நடந்தார்கள், கயிறு வந்தது, கயிற்றின் முனையில் இடது தோள் கழன்று தொங்க அவன் வந்தான்.

பசிக்கிறது என்று அவன் சொல்லவில்லை. அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நடுங்கினான். பிறகு கேட்டான்: "இதையவா அந்த மனுசன் தெனமும் காலையில... ஊரு மொத்தத்துக்கும்?"

தேர்தலில் யார் ஜெயித்தார் என்று கேட்பீர்கள். வெள்ளியம்பலம்தான், நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில். ஜெயித்துவிட்டுக் கிட்டங்கிக்கு இன்னொரு பூட்டுப் போட்டார். ஆனால் கயிறு பிடித்தவர்கள் செவ்வாய்க்கிழமைதோறும் மில் வாசலில் போய் நின்று, கரைக்கு மண் எங்கே, உள்ளே பூட்டியதை எப்போது திறந்து பார்ப்பீர்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். மூன்றாவது செவ்வாயன்று அவருடைய சுண்டுவிரல் லேசாக ஆடியதைப் பார்த்ததாகச் சங்கிலி சத்தியம் செய்தான். அது பின்னால் நடந்தது.

ஓட்டுப் போட்ட அன்று, பழைய மன்றக் கட்டடத்தில், ராசா உட்காரும் இடத்தில் மேஜை போட்டு வெளியூர் அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். மறைப்புக்குப் பின்னால் வெள்ளியம்பலத்தின் பூட்டுப் பெட்டியும், அவரை எதிர்த்து நின்ற வாத்தியாரின் ஏணிப் பெட்டியும் இருந்தன. உமையாளின் முறை வந்தது. கட்டுப்போட்ட கையால் சீட்டை வாங்கினாள். இந்தத் துண்டுச் சீட்டை எந்தப் பெட்டியில் போடுகிறோமோ அதற்குத் தகுந்தபடி அடுத்த மழைக்கு ஊர் இருக்கும் அல்லது போகும், புருஷன் வருவான் அல்லது வர மாட்டான், தப்பாகப் போட்டால் அது ராசாவின் தப்பாக இருக்காது என்று நினைத்ததும் சீட்டு காற்றுப் பட்ட இலையாகப் படபடத்தது. மறு கையால் பிடித்தாள், அந்தக் கையும் ஆடியது.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா, கை இப்படி நடுங்குது? காய்ச்சலா?"

"இல்லீங்கய்யா" என்றாள் உமையாள். "எங்க ராசா கையெழுத்துப் போடுறப்பவும் இப்பிடித்தான் நடுங்கும்."

மறைப்பை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.